நோயாளியின் ஏடும் நோயாளியின் மொழியும்

திருவள்ளுவனார் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாக வகுத்த இடத்து, நோயுற்றவனையே முதலுறுப்பாக வைத்தனர். மருத்துவரும் மருந்தும் அருகிருந்து பேணுவோரும் அவனுக்குப் பின்னரே எண்ணப்பெறுகின்றனர். ஆயின், தன் நோயைப்பற்றி எழுதப்பட்ட ஏட்டைத் தானே படித்தறிய இயலாதவனாய் அந்நோயாளி இன்று நிற்கின்றான். இக்குறை நீங்கவேண்டுமென்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுந்த பொருளாம்.

2021 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்திய அரசினர் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடெங்கும் தொடங்கினர். விரும்புவோர் எவரும் அதன்வழி ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணைப் பெறலாம். இவ்வமைப்பிற் சேர்ந்த ஒரு மருத்துவமனையில் எடுத்த குருதிச்சோதனையின் முடிவை, நோயாளி இசைந்தால், பிறிதோர் ஊர் மருத்துவரும் இணையவழிக் காணலாம். மருத்துவர்க்கு இதனால் விளையும் நன்மை பெரிது. செம்பாக்கத்து முதியவர் ஒருவர்க்கு எம்மருந்து ஒவ்வாது, சிறுநீரகம் எந்நிலையில் உளது என்பவற்றை அவர்தம் நினைவையே நம்பிக் கேட்டறிய வேண்டுவதில்லை. ஆனால் அம்முதியவர்க்கோ? அவர் கைப்பேசியில் அவ்வேடு திறக்கும். அதன் சொற்களோ பெரும்பாலும் ஆங்கிலமாயிருக்கும்.

பொதுவான செய்திகள் இணையத்தில் மலிந்துள்ளனவே, அவை போதாவோ எனின், போதா. காசநோயை எடுத்துக்கொள்வோம். 1928 இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நம் தாம்பரத்தில் இந்நோய்க்கென ஆரோக்கியசாலை நிறுவியதை இப்பக்கத்தார் அறிவர். மருந்துக்கு அடங்கும் காசநோய்க்கு வழக்கமாக 6 திங்கள் மருந்துண்ணல் வேண்டும். இருமல் தணிந்ததும் நலமாயிற்றென்று நடுவே நிறுத்துவோர்க்கு நோய் மீளக்கூடும். எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமையும் பெறக்கூடும். அத்தகைய கிருமியால் முன்னமே பற்றப்பட்டார்க்கோ மருந்தும் வேறு, காலமும் வேறு. ஆகவே ஒருவர்க்கு உதவும் பொதுச்செய்தி மற்றொருவரை வழிதவறச் செய்யும். ‘உமக்கு இம்மருந்து, இத்துணை நாள், இக்காரணத்தால்’ என்று அவரவர்க்குரிய செய்தி அவரவர் மொழியிலே கிடைத்தல் வேண்டும்.

அரைகுறை அறிவு ஆபத்தன்றோ என்பர் சிலர். அரைகுறை அறிவு முன்னமே ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்து குவிகின்றது. அதனை விலக்கவல்லது தெளிந்த அறிவேயன்றி அறியாமை அன்று. மறைவாயிருக்கவேண்டிய செய்தி வெளிப்படுமே என்பர் வேறு சிலர். இவ்வச்சம் நியாயமானதே, காசநோயென்று அயலார் அறிந்தால் பெண்ணின் மணம் தடைப்படுமென்று அஞ்சும் குடும்பங்கள் இன்றும் உள. அதனாலேயே இசைவு கேட்கும் வாசகமும் தமிழிலிருத்தல் வேண்டும். பொருளறியாது தந்த இசைவு இசைவாகாது. எழுத்தறியாதார்க்குச் செவிலியர் அதனைப் படித்துச் சொல்லுதலும் வேண்டும்.

தமிழில் இஃது இயலுமோ என்று ஐயுறுவார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைப்பாராக. 1847 ஆம் ஆண்டு அமெரிக்காவினின்றும் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குப் போதித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். சொல்லில்லையென்று அவர் கைவிட்டாரல்லர்.

தமிழ் பயிலும் நம்மனோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மருத்துவம் பயில்வாரோடு ஒருங்கிருந்து, பாட்டியர் கேட்ட அளவிலே விளங்கும் சொற்களை ஆராய்ந்து அமைப்போமாக. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தல் தமிழ்த்தொண்டாயின், உயிர்காக்கும் இவ்வேட்டை எளியோரும் அறியச்செய்தல் தமிழ்த்தொண்டே ஆகும்.