பளபள ரோடு வந்தாச்சு! டயர் மட்டும் மொட்டையா?

"டமார்!"

ஒரே ஒரு சத்தம். வேகமாகப் போய்க்கொண்டிருந்த பிக்-அப் வேன் தாறுமாறாக ஓடுகிறது. நடுத்திட்டில் மோதித் தலைகுப்புறக் கவிழ்கிறது. நெல் மூட்டைகள் ஒரு பக்கம். மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். அன்று மாலைப் பேப்பரில் ஒரு வரி: "டயர் வெடித்து வேன் கவிழ்ந்தது."

இந்த வரியை வாசகர்கள் எத்தனை தடவை படித்திருப்பார்கள்! "எல்லாம் விதி" என்று பேப்பரை மடித்து வைத்திருப்பார்கள்.

விதி அல்ல! டயர் சும்மா வெடிப்பதில்லை. டயர் வாங்கும் கடையிலும், காற்று அடிக்கும் இடத்திலும், லோடு ஏற்றும் களத்திலும் முன்கூட்டியே அதற்குத் திரி கொளுத்தப்படுகிறது.

சேத்தியாத்தோப்பு வட்டாரம் இதை இப்போது யோசித்தே ஆகவேண்டும். காரணம், புது ரோடு!

50 கிலோ மீட்டர் பாய்ச்சல்

விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரை 50 கிலோ மீட்டர் ரோடு நான்கு வழிச் சாலையாகிவிட்டது. செலவு ரூ.2,350 கோடிக்கு மேல். 2025 ஜூலை 26-ந் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் மோடி திறந்து வைத்தார். கொள்ளிடத்தில் 1 கிலோ மீட்டர் நீளப் பாலம், 3 புறவழிச் சாலைகள், 7 மேம்பாலங்கள். பயணத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் என்று அரசு சொல்கிறது.

சந்தோஷம்தான். ஆனால் ரோடு மாறிய வேகத்தில் வண்டிக்காரர்களின் டயர் மாறியதா?

குண்டும் குழியுமான ரோட்டில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் உருண்ட டயர் வேறு. அதே டயர் நான்கு வழிச் சாலையில் 80-ல் ஓடும்போது கதை வேறு. சரக்கு வண்டிக்கு அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே 80தான். வேகம் ஏற ஏற டயரில் சூடு ஏறும். சூடு ஏறினால் பழைய ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் பிரியும். குழி ரோடு மறைத்து வைத்த குறையைப் பளபள ரோடு ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மராட்டியத்தில் நாக்பூரிலிருந்து ஷீரடி வரை 520 கிலோ மீட்டர் சம்ருத்தி விரைவுச் சாலையை 2022 டிசம்பர் 11-ல் திறந்தார்கள். டயர் வெடித்து விபத்துகள் நடந்தன. 2023-ல் போக்குவரத்து அதிகாரிகள் ரோட்டின் வாசலிலேயே நின்று டயரைப் பரிசோதித்தார்கள். தேய்ந்த டயர் வண்டிகளை "திரும்பிப் போ" என்று அனுப்பினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

சேறும் ரோடும்

இந்த ஊர்ப் பக்கத்து பிக்-அப் வேனுக்கு வேலை ஒன்றா, இரண்டா? காலையில் வயலோரம் சேற்றில் இறங்கி நெல் மூட்டை ஏற்றும். மத்தியானம் நெய்வேலிக்கு சிமெண்டோ, கம்பியோ போகும். சாயந்தரம் வீராணம் ஏரிக்கரை ரோட்டில் பந்தல் சாமான். ராத்திரி பண்ருட்டிப் பலாப்பழத்தோடு கும்பகோணம் பக்கம் பாய்ச்சல்!

அதனால்தான் "ஆல் டெரெய்ன்" என்கிற எல்லா ரோட்டு டயருக்கு மவுசு. கட்டை கட்டையாகப் பட்டன், நடுவே அகலமான இடைவெளி. சேற்றில் பிடிக்கும். கூர்க்கல் குத்தினாலும் சட்டென்று கிழியாது. பார்க்கவும் மிரட்டலாக இருக்கும்.

கடையில் பேச்சு எப்படி நடக்கிறது? "அண்ணே, இதைப் போடுங்கண்ணே, லட்சம் கிலோ மீட்டர் ஓடும்!" "என்ன தம்பி, ஐநூறு குறைச்சுக்கோ." பேரம் முடிந்தது. டயர் ஏறியது. டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவரும் பார்க்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

உண்மை என்ன? 10 கிலோ மீட்டரில் 9 கிலோ மீட்டர் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு முரட்டுப் பட்டன் டயர் வீண் செலவு. சத்தம் போடும், டீசல் குடிக்கும், சீக்கிரம் தேயும். நேர்க்கோடு போட்ட ரிப் டயரோ, பட்டன் நெருக்கமாக உள்ள டயரோ போதும். பாதி நாள் வயலிலும் செம்மண்ணிலும் உழலும் வண்டிக்குத்தான் எல்லா ரோட்டு டயர் லாபம்.

விலையை மட்டும் பார்ப்பது ஏமாந்த கணக்கு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8 ஆயிரம் ரூபாய் டயர் 40 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால் கிலோ மீட்டருக்கு 20 காசு. 10 ஆயிரம் ரூபாய் டயர் 60 ஆயிரம் ஓடினால் 17 காசுக்கும் கீழே. எது மலிவு? கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. புது டயருக்கு ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. "விலை கட்டுப்படியாகலே" என்ற சாக்கில் பாதி போய்விட்டது.

டயரின் ஜாதகம்

டயரின் ஜாதகம் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பிறந்த தேதி. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கடையில் வருடக்கணக்கில் தூங்கிய டயரைப் "புதுசு" என்று தலையில் கட்டினால் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். 5 வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும், 10 வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது பெரிய கம்பெனிகளே சொல்லும் யோசனை.

இரண்டாவது, சுமை எண். 108 என்றால் ஒரு டயர் தாங்குவது 1,000 கிலோ. 116 என்றால் 1,250 கிலோ. அளவு ஒன்றாக இருந்தாலும் சுமை எண் வேறாக இருக்கும். கார் டயரும் வேன் டயரும் ஒரே அளவில் கிடைக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் டயரைப் பிக்-அப்பில் மாட்டினால் அது தற்கொலைக்குச் சமம். கம்பெனி கொடுத்த டயரில் என்ன எண்ணோ, அதற்குக் குறையவே கூடாது.

மூன்றாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. அது இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

நான்காவது, தேய்மானம். பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி அந்த டயர் ரோட்டுக்கு லாயக்கில்லை. பட்டன்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மொட்டை டயரில் கத்தியால் கோடு கீறிப் புதுசாகக் காட்டுவது கொலைகாரத்தனம். ரீட்ரேட் டயர் தப்பில்லை. ஆனால் அடி டயர் நன்றாக இருக்கவேண்டும். அதையும் முன் சக்கரத்தில் மாட்டாமல் இருப்பது நல்லது.

காற்றில் இருக்கிறது உயிர்

"வெயில் காலம் தம்பி, நாலு பவுண்டு குறைச்சு அடி" என்று சொல்லும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதுதான் பெரிய தப்பு! காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கலில்தான் சூடு. கத்திரி வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதிக்கும்போது, காற்று குறைந்த டயரில் லோடு ஏற்றினால் என்ன ஆகும்?

அமெரிக்காவே இதில் அடிபட்டிருக்கிறது. 2000 ஆகஸ்ட் 9-ல் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. போர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய டயர்கள். அதில் ஒரு வகைக்குப் பெயரே "வில்டர்னஸ் ஏ.டி." ஏ.டி. என்றால் ஆல் டெரெய்ன்! ஓட்டத்தில் டயரின் மேல் ரப்பர் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. வெயில் கொளுத்தும் மாநிலங்களில்தான் அதிகம். 271 சாவுகள் என்று அந்த நாட்டு அரசு கணக்கிட்டது. டயரே கோளாறா, காற்று குறைவா என்று இரண்டு கம்பெனிகளும் மோதிக்கொண்டன. செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவு அடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்றைப் பிடுங்கிவிடக் கூடாது. 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, அலைன்மெண்ட் பார்த்தால் ஆயுள் கூடும். இதற்கு ஆகும் செலவு ஒரு புது டயர் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

மூட்டை மேல் மனிதர்கள்

எந்த உயர்ந்த டயரும் பேராசையைத் தாங்காது. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றினால் எந்த டயரும் கைவிட்டுவிடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20 ஆயிரம். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம். அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்கலாமே!

எல்லாவற்றையும் விடக் கொடுமை, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களைச் சரக்கு வேனில் அடைத்துப் போவது. கூலிக்குப் போகிறவர் டயரைக் குனிந்து பார்ப்பாரா? பார்த்தால்தான் "ஏம்பா, மொட்டையா இருக்கே" என்று கேட்க முடியுமா? அவர் உயிர் முதலாளி வாங்கிய டயரில் தொங்குகிறது. பக்கத்தில் பஸ்ஸில் போகும் ஆபீஸ் குமாஸ்தாவின் உயிரும், ஓரமாக மொபட்டில் போகும் மளிகைக்காரர் உயிரும் அதே டயரில்தான்.

ஆகவே அதிகாரிகளுக்கு மூன்று வேண்டுகோள்.

எப்.சி. பார்க்கும் அன்று இரவல் டயர் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் மொட்டை டயருக்குத் திரும்பும் தந்திரம் ஒழிய வேண்டும். டயரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ரோட்டில் மறுபடி சோதித்தால் குட்டு வெளிப்படும்.

நான்கு வழிச் சாலையில் ஏறும் இடத்தில், கோடைக்காலத்திலாவது, போலீசாரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் நின்று சரக்கு வண்டிகளின் டயரைப் பார்க்க வேண்டும்.

டயர் கடை பில்லில் தயாரித்த வாரமும் சுமை எண்ணும் எழுத உத்தரவிட வேண்டும்.

ரூ.2,350 கோடி செலவில் ரோடு போட முடிந்தது. அதில் ஓடும் டயரைக் குனிந்து பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த "டமார்" சத்தத்துக்கு முன் கவனிப்பார்களா?