அமைதிப்படைக் கோப்புகளைத் திறந்து வையுங்கள்

கம்பைநல்லூர்,
தர்மபுரி மாவட்டம்.

மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் திரு. எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கு,

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படை, 1990 மார்ச் 24 அன்று முழுமையாக வெளியேறியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிரிழந்தார்கள். தமிழ்ப் பொதுமக்களும் பெருமளவில் மாண்டார்கள். இத்தனை உயிர்களை விலையாகக் கொண்ட ஒரு வெளியுறவு முடிவை, சுதந்திரமான ஒரு குழு ஆராய்ந்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். 1988 முதல் 1990 வரை கொழும்பில் அமைதிப்படையின் அரசியல் ஆலோசகராக இருந்தவர் நீங்கள். இந்தக் கேள்வியின் கனத்தை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கொள்கையை எடைபோட, அது தனக்கே வகுத்துக்கொண்ட இலக்குகளைப் பார்த்தால் போதும். ஒப்பந்தத்துக்கு இரண்டு இலக்குகள் இருந்தன. இந்தியாவின் பாதுகாப்பு ஒன்று, தமிழர்களின் அரசியல் உரிமை இன்னொன்று. முதலாவதற்கு அன்றே கடிதங்கள் கைமாறின. இந்தியாவின் நலனுக்குக் கேடாக திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் படைக்கும் விடுவதில்லை, அங்குள்ள எண்ணெய்க் கிடங்கை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைப்பது என்று அவற்றில் தெளிவாக எழுதப்பட்டது. இரண்டாவது இலக்கோ கொழும்பின் நல்லெண்ணத்தையே நம்பி நின்றது. வடக்கு–கிழக்கு இணைப்பு பற்றி 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன பொதுவாக்கெடுப்பு நடக்கவேயில்லை. அந்த இணைப்பையே 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்ன காணி, காவல் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வந்து சேரவில்லை. 2018இல் காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கான தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போனது.

இந்த ஏற்றத்தாழ்வின் சுமை படையின் தலையில் விழுந்தது. போரிட்ட தமிழ் அமைப்புகள் எதுவும் ஒப்பந்தத்தில் ஒப்பமிடவில்லை. அப்படியிருக்க, அவர்களிடமிருந்து ஆயுதம் பெறும் பொறுப்பை இந்தியா ஏற்றது. அமைதி காக்கப் போன படை, 1987 அக்டோபர் 10 அன்று விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. இரண்டு நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவு ஒன்று கிட்டத்தட்ட முழுமையாக அழிந்தது. அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தத்துக்குக் காவலாளியாகவும் போரில் ஒரு தரப்பாகவும் ஒரே படையை நிறுத்தியது யார், எந்தத் தகவலின் பேரில் நிறுத்தினார்கள்? அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தும் அமைதிப்படையின் முதல் தளபதி ஹர்கிரத் சிங்கும் நூல்கள் எழுதினார்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்பதை அரசின் ஆவணங்கள்தான் தீர்த்துவைக்க முடியும்.

தலையிடாமல் இருந்திருந்தால் இலங்கைப் படையின் 1987 மே மாதத்து வடமராட்சித் தாக்குதல் யாழ்ப்பாணத்தையே அழித்திருக்கும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் தலையிட்டது சரி என்பதால், தலையிட்ட விதமும் சரி என்று ஆகிவிடாது. ஆய்வு வீரர்களுக்கு இழுக்கு என்பார்கள். தெளிவில்லாத ஆணையோடு போருக்கு அனுப்பியதும், திரும்பி வந்தபோது உரிய வரவேற்பு கொடுக்காததும்தான் இழுக்கு. ஆணை பிறந்த இடத்தை ஆராய்ந்தால், அதைச் சுமந்தவனின் பெயர் துலங்கவே செய்யும். இலங்கையோடு உறவு கெடும் என்ற அச்சமும் பொருந்தாது. நாம் தேடுவது டெல்லியில் நடந்த முடிவெடுப்பை; கொழும்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை அல்ல. ஈராக் போரில் தன் அரசு எடுத்த முடிவுகளைப் பிரிட்டன் சில்காட் குழுவைக் கொண்டு ஆராய்ந்து 2016இல் 12 தொகுதிகளாக வெளியிட்டது. அதனால் எந்த நாட்டோடும் அதன் உறவு முறிந்துவிடவில்லை.

முடிந்துபோன கதை என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. தர்மபுரி மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இன்னமும் இருக்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கதை முடியவில்லை. அண்டை நாட்டில் இன்னொரு நெருக்கடி வரும் நாளில், படையை அனுப்பலாமா என்ற கேள்வி மறுபடியும் டெல்லி மேசைக்கு வரத்தான் போகிறது. அப்போது கையில் வைத்துப் படிக்க ஓர் அறிக்கை வேண்டாமா?

இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. 1999இல் கார்கில் போர் முடிந்த கையோடு உங்கள் தந்தையார் கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு அமைந்தது. 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. பாதுகாப்புக்கு இடையூறான பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை மக்கள் முன் வைத்தார்கள். போர் ஆவணங்களை 25 ஆண்டுகளில் பொதுவில் வைப்பதே வழக்கமாக வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமும் 2021இல் கொள்கை வகுத்துவிட்டது. அமைதிப்படை திரும்பி அதைவிட அதிக ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே அமைச்சரவையில் நீங்களே இதை முன்மொழியுங்கள்: கார்கில் குழுவைப் போன்ற ஒன்று, அதற்கு வெளியுறவு, பாதுகாப்பு, உளவுத் துறைக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை, அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க ஒரு காலக்கெடு. நேரில் இருந்து பார்த்தவர் என்பதால் நீங்கள் அந்தக் குழுவின் முன் முதல் சாட்சியாக வரவும் முடியும். நாட்டுக்கு அதைவிடப் பெரிய பணி இந்த விஷயத்தில் வேறில்லை.

இப்படிக்கு,
கம்பைநல்லூர் வாக்காளர் ஒருவர்