ஸ்டால்னா இன்ஜின் நின்னுடுச்சா?

''ஏரோநாட்டிகல் முதல் வருஷம் படிக்கிறேன். விமானம் 'ஸ்டால்' ஆனா இன்ஜின் நின்னுடுமா?''

கார் ஓட்டிப் பழகின தோஷம் பாஸ்! கார்லதான் ஸ்டால்னா இன்ஜின் நிக்கிறது. விமானத்துல அது இறக்கை சமாச்சாரம். இன்ஜின் ஜம்முனு ஓடும்போதே ஸ்டால் வரும்.

எதிர்க்காற்றுக்கு இறக்கை எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறதோ, அதுக்குப் பேர் 'ஆங்கிள் ஆஃப் அட்டாக்'. அது கூடக்கூட தூக்குவிசையும் கூடும். ஆனா, எல்லை உண்டு. பாடப்புத்தக இறக்கைக்கு சுமார் 15 டிகிரி (ரொம்ப உயரத்துல, அதிவேகத்துல இன்னும் குறைவு). தாண்டினா, மேல்பரப்பை ஒட்டிப் போற காற்று பிய்ச்சுக்கிட்டு சுழல ஆரம்பிச்சிடும். தூக்குவிசை சரிஞ்சிடும். மூக்கை இறக்கினா காற்று மறுபடி ஒட்டிக்கும். விழுற விமானத்தை இன்னும் கீழ்நோக்கித் திருப்பறதுதான் வைத்தியம்! மனசு கேக்குமா?

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்கிற பிட்டாட் குழாய்களைப் பனிக்கட்டி அடைச்சது. வேகக் கணக்கு குழம்பி, ஆட்டோ பைலட் கழன்றுகொண்டது. விமானி கன்ட்ரோல் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். மூக்கு எகிற, 38,000 அடிக்குப் பக்கத்தில் ஸ்டால். எச்சரிக்கைக் குரல் அலறியும், மூக்கைப் போதுமான அளவு யாரும் இறக்கவில்லை. ஆட்டோ பைலட் கழன்ற நாலரை நிமிஷத்துக்குள் அட்லாண்டிக் கடலில் 228 உயிர்கள்.

ரெண்டு இன்ஜினும் கடைசி நொடி வரை ஓடிக்கிட்டுதான் இருந்தன.

அடுத்த வாரம்: இறக்கைக்கு மேலே போற காற்றும் கீழே போற காற்றும் ஒரே நேரத்துல போய்ச் சேரணுமா, என்ன?