பட்டங்கள் பட்டிகளைத் தேடி வரவேண்டும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நகர்ந்துகொண்டிருந்த வேளையில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஒரு சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்துபோனதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புயல் எமது கரையைக் கடக்கவில்லை. வெள்ளம் பட்டிகளை அடித்துச் செல்லவுமில்லை. விடிந்தபோது மாடுகள் படுத்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தன. கடுங்குளிரே காரணம் என்று கால்நடை அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர்.

அறிவிப்பு சரியானதே. ஆயினும் இவ்வளவு மாடுகள் அந்தக் குளிரைத் தாங்காமற் போனது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. நனைந்த தோல் உடற்சூட்டைக் காக்காது. காற்று எஞ்சிய சூட்டையும் பறித்துவிடும். அசைபோடும் பிராணிகளின் உடற்சூட்டில் ஒரு பங்கு, வயிற்றில் தீவனம் புளித்துச் செரிக்கும்போது உண்டாவது. வயிறு ஒட்டிய மாட்டிடம் அந்தச் சூடும் இராது. டிசம்பர் என்பது காலபோகப் பயிர் வயல்களில் நிற்கும் காலம். வயல் அடைக்கப்பட்டு, மேய இடமின்றி அலையும் மாடுகள் மெலிந்துபோகும் காலமும் அதுவே. அவ்வாறாயின் அந்த மரணங்களுக்கு வானிலை மட்டுந்தானா பொறுப்பு?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடுவதற்கென்றே விலங்கு விஞ்ஞானம் என்றொரு துறை பல்கலைக்கழகங்களில் இருக்கின்றது. அத்துறையின் பட்டப்பின் படிப்பு எங்கே, யாருக்காக நடைபெற வேண்டும் என்பதையே மன்னார் மாவட்டத்தை முன்வைத்து இங்கு சிந்திக்க விரும்புகின்றோம்.

மன்னார் என்றதும் இன்று காற்றாலையும் கனிய மணலும் பேசப்படுகின்றன. பட்டி மாடுகள் பற்றிப் பேசுவோர் அரிது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் விதைப்பு ஆரம்பமானதும் கால்நடைகளை வயற்புறங்களிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற அறிவித்தல் ஆண்டுதோறும் வருகின்றது. எங்கே கொண்டு செல்வது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. ஒரு புறம் காடு. அங்கே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள். மறு புறம் வங்காலையை அண்டிய உவர்ப்புல் வெளிகள். அங்கே 2010இல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். இவற்றுக்கிடையில் மாடு வயலில் இறங்கினால் விவசாயிக்கு நட்டம். பிடித்துக் கட்டினால் பட்டிக்காரனுக்குத் தண்டம். இரு தரப்பினரும் ஒரே ஊரவர்கள், பல வேளைகளில் ஒரே குடும்பத்தவர்கள் என்பதுதான் வேதனை.

மேய்ச்சல் தரைக் கோரிக்கை கூட்டங்கள் தோறும் எழுப்பப்படுகின்றது. ஆனால் அதனை முன்வைப்பவரின் கையில் கணக்கு இல்லை. மன்னாரின் ஓர் ஏக்கர் உவர்ப்புல் வெளி எத்தனை மாடுகளை எத்தனை மாதங்களுக்குத் தாங்கும்? மாடுகளின் மேய்ச்சல் சரணாலயத்தின் பறவைகளுக்கு இடைஞ்சலா, அல்லது புல் மண்டாமற் காப்பதால் நன்மையா? வைக்கோலைச் சேமித்துப் பதப்படுத்தினால் காலபோக மாதங்களை ஒரு பட்டி கடக்குமா? இவை ஒவ்வொன்றும் ஒரு முதுமாணி ஆய்வுக்குரிய தலைப்பு. கணக்கோடு வரும் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எந்த அலுவலகத்துக்கும் எளிதன்று.

ஆய்வு செய்யக்கூடிய நிறுவனங்கள் எம்மிடம் இல்லாமலில்லை. பேராதனையில் விவசாயத்துக்கான பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் அறிவியல் நகருக்குத் திரும்பியிருக்கின்றது. அதில் விலங்கு விஞ்ஞானத் துறையும் உண்டு. பூநகரி வழியாகச் சென்றால் மன்னார் அங்கிருந்து சில மணி நேரப் பயணம்தான். தூரம் வீதியில் இல்லை. ஆய்வு கூடத்துக்கும் பட்டிக்கும் இடையில் இருக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வேடு நூலகத்தின் அடுக்கில் அமர்ந்துவிட, எழுதியவர் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலையோ அரச வேலையையோ எதிர்பார்த்திருப்பதே வழமையாகிவிட்டது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் திரும்பி வருவதற்கு இங்கே என்ன வைத்திருக்கின்றோம் என்று நாம்தான் எம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் ஆய்வைப் புறக்கணித்தால் நேர்வது என்ன என்பதற்கு நாடே ஒரு பாடம் படித்திருக்கின்றது. பாலில் தன்னிறைவு காணப்போவதாகக் கூறி, 2017ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கறவை மாடுகள் கப்பலேற்றி வரவழைக்கப்பட்டன. எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை. பல மாடுகள் நோயுற்று இறந்தன. கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் நட்டமடைந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றபோதும், நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட உள்நாட்டு உற்பத்தியால் நிறைவு செய்ய முடிந்திருக்கவில்லை. எமது நாட்டு மாடு நாளொன்றுக்கு ஓரிரு லீற்றர் பால்தான் தரும். ஆனால் வெயிலையும் வரட்சியையும் தாங்கி, கிடைத்த புல்லைத் தின்று அது உயிர் வாழ்கின்றது. அதன் குணங்களை முறையாக அறியாமல், அதனைப் பயனற்றதென ஒதுக்குவது அறிவியலாகாது.

இந்திய அனுபவம் இதற்கு நேர்மாறானது. எருமைப் பாலைப் பால்மாவாக்க இயலாது என்பதே ஒரு காலத்தில் மேலைநாட்டு நிபுணர்களின் தீர்ப்பாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் பால் பண்ணைத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய தலாயா என்ற பொறியியலாளர், குஜராத்தின் ஆனந்த் நகரில் அதனைச் செய்து காட்டினார். 1955 ஒக்டோபர் 31ஆம் திகதி அந்தத் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். கற்ற இடம் அந்நிய நாடு. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி குஜராத் விவசாயியின் தொழுவத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 1989இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், பர்கூர் மலை மாட்டுக்கு ஈரோடு மாவட்டத்தின் மலையிலும், புலிக்குளம் மாட்டுக்குச் சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரையிலும் ஆராய்ச்சி நிலையங்களை அமைத்திருக்கின்றது. மாடு நிற்கும் இடத்துக்குப் பல்கலைக்கழகம் சென்றது.

இங்கும் அது நடக்கவேண்டும். நானாட்டான் அல்லது முசலிப் பகுதியில், விவசாய பீடமும் மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் இணைந்து ஒரு சிறிய கள ஆய்வு நிலையத்தை அமைக்கலாம். மாளிகை தேவையில்லை; ஒரு கொட்டில், ஓர் ஆய்வுகூட அறை, சில ஏக்கர் புல்வெளி போதும். மன்னார்த் தீவில் கட்டாக்காலிகளாகத் திரியும் கழுதைகள் முதல், வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும் பாலைச் சேகரிக்கும் வழி வரை அங்கு ஆராய வேண்டியவை ஏராளம். முழுநேரமாக ஆய்வு செய்யும் மாணவருக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். அவர் ஒரு காலபோகம் முழுவதையும் பட்டிகளுடன் கழிக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவுகள் எளிய தமிழில் கால்நடை வளர்ப்போர் சங்கங்களிடம் கையளிக்கப்பட வேண்டும்.

மேய்ச்சல் தரைப் பிரச்சினை அரசியல் பிரச்சினை, அதனை ஆய்வேடுகள் தீர்க்குமா என்று சிலர் கேட்கக்கூடும். தீர்க்காது என்பது உண்மையே. நிலத்தை ஒதுக்கி வர்த்தமானியில் அறிவிக்க வேண்டியது அரசாங்கம்தான். ஆனால் எவ்வளவு நிலம், எங்கே, எந்த மாதங்களுக்கு என்று சொல்லத் தெரியாதவரை, 'ஆராய்ந்து பார்ப்போம்' என்ற பதிலுடன் கூட்டங்கள் கலைந்துகொண்டேயிருக்கும். அந்த ஆராய்ச்சியை நாமே செய்து மேசையில் வைத்துவிட்டால், அந்தச் சாட்டு இல்லாமற் போய்விடும்.

அடுத்த காலபோகமும் வரும். மார்கழிக் காற்றும் வரும். மீண்டும் ஒரு காலை மாடுகள் எழும்பாது கிடந்தால், குளிரின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. மன்னாரின் மாணவர் பெறும் பட்டத்தால் மன்னாரின் மாடு பசியின்றி ஒரு மாரியைக் கடக்குமாயின், அப்பட்டத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.