ஒத்தக் கண்ணும் கோக்கர்ஸ் வாக்கும்

"ரெண்டு கண்ணும் இருந்தாத்தான் ஆழம் தெரியும்." பள்ளிக்கூடத்துல இருந்து கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போன வரி மக்களே!

போன மாசம் குடும்பத்தோட கொடைக்கானல். எங்க சித்தப்பாவுக்குச் சின்ன வயசுல இருந்தே வலது கண்ணுல பார்வை கிடையாது. கோக்கர்ஸ் வாக்ல நின்னு பள்ளத்தாக்கை ரசிச்சுக்கிட்டிருந்தார். எங்க மாமா சும்மா இருக்காம, "உனக்கென்ன மாப்ள, எல்லாம் போட்டோ மாதிரி தட்டையாத்தானே தெரியும்" அப்படின்னார். சித்தப்பா சிரிச்சுக்கிட்டார். எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

கணக்கு போடுவோமா?

ரெண்டு கண்ணுக்கும் இடைவெளி சுமார் 6.5 செ.மீ. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலைக்கு, ரெண்டு பார்வைக்கும் வர்ற கோண வித்தியாசம் ஒரு டிகிரியை 3600 பங்காக்கினா அதுல 13 பங்கு. ரெண்டு கிலோமீட்டர் மலைக்கு 7 பங்கு. இதை வச்சுக்கிட்டா மாமா பெருமை அடிக்கிறார்?

இப்போ மலைக்குக் குறுக்கா பத்து மீட்டர் நடங்க. முதல் மலை 0.57 டிகிரி நகரும், ரெண்டாவது 0.29. முழு நிலாவோட அகலமே அரை டிகிரிதான். இதைப் பார்க்க ஒரு கண் போதும்.

'நம்ம வேகம் தெரியாம தூரம் எப்படி?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு மரத்தையே பார்த்துக்கிட்டு நடந்தா கண் மெதுவாத் திரும்பும், மத்ததெல்லாம் விழித்திரையில நகரும். இந்த ரெண்டு வேகத்தையும் வகுத்தா நம்ம வேகம் அடிபட்டுப் போகும். மரத்தை விட எத்தனை பங்கு முன்ன, பின்னங்கிறது கிடைச்சுடும். நாராட், ஸ்ட்ரோயன் ரெண்டு பேரும் 2009ல எழுதின சூத்திரம் இதான். அதுக்கு முன்னாடியே, 1979ல ரோஜர்ஸும் கிரஹாமும் ஒத்தக் கண்ணால வெறும் புள்ளிகளைப் பார்க்க வச்சாங்க. தலையை ஆட்டினதும் மேடு பள்ளம் தெரிஞ்சது.

அவ்வளவு ஏன், 1874ல வெள்ளி சூரியனைக் கடந்தப்போ, பூமியில வேற வேற இடத்துல இருந்து பார்த்துத்தான் சூரியனோட தூரத்தைக் கணக்குப் போட்டாங்க. மெட்ராஸ் வானாய்வகத்து சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை விளக்கி நூலே எழுதினார். அந்த ஆய்வகத்தோட வேலைதான் 1899ல கொடைக்கானலுக்கு வந்துச்சு. தொலைநோக்கியில அவங்க வச்சதும் ஒத்தக் கண்ணுதானே :-)

ஊசியில நூல் கோர்க்க ரெண்டு கண் வசதி. ஒத்துக்கிறேன். அதுக்காக மலையும் தட்டையாயிடுமா?

இறங்கும்போது சித்தப்பா சொன்னார், "இதே வரியைச் சொல்லித்தான்டா என்னை வாலிபால் டீம்ல சேர்க்கல." நாற்பது வருஷம். ஒருத்தராவது பந்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

டிஸ்கி: மாமாவும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.