பூனைக்குப் பட்டினி வேண்டாம், வேட்டை கொடுங்கள்!



மதுரை புதூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்றாவது மாடி ஃபிளாட். கைக்குழந்தை, ஐந்து வயதுப் பெண், மாமியார், கூடவே ஒரு பூனை. "அக்கா, எங்க பூனை ஆறு கிலோ ஆயிருச்சு. அங்கிட்டும் இங்கிட்டும் நகரவே மாட்டேங்குது. சோபாவுல ஏறணும்னாக்கூட என்னையத்தான் கூப்பிடுது. 'மூணு நாள் பட்டினி போடு, தானா இளைச்சுரும்'னு அத்தை சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்கிறார்.

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். வேண்டவே வேண்டாம்!

மாமல்லபுரத்துக் கற்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே எலிகள். பூனை விரதமிருப்பதெல்லாம் அப்படிக் கல்லில்தான் நடக்கும். உயிருள்ள பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு வேகமாகக் கரைந்து ஈரலில் போய் அடைகிறது. ஈரல் திணறிப்போகும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகும்; வாந்தி வரும். அதற்குப் பிறகு நாம் மனமிரங்கி மீனை வைத்தாலும் அது முகர்ந்துகூடப் பார்க்காது. டாக்டர் குழாய் வைத்து ஊட்டவேண்டிய நிலை வரும். உயிரே போய்விடுவதும் உண்டு.

ஆகவே பூனை தானாகவே ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும், 'நல்லதாப் போச்சு, இளைக்கட்டும்' என்று இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மதுரைக்காரர்களுக்குத் தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது.

குண்டா, கொழுகொழுவா?

நம் நாட்டுப் பூனைகள் பெரும்பாலும் 3 முதல் 4½ கிலோ வரை இருக்கும். ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கையால் தடவிப் பாருங்கள். லேசாகத் தடவினாலே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். விலா எலும்பைத் தேடி அழுத்த வேண்டியிருந்தால், மேலிருந்து பார்க்கும்போது பலாக்கொட்டை மாதிரி இருந்தால், அது குண்டுதான்.

'பார்க்க அழகாகத்தானே இருக்கு!' என்பீர்கள். குண்டுப் பூனைக்கு நீரிழிவு வருகிறது. மூட்டு வலிக்கிறது. முதுகுவரை நாக்கு எட்டாததால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும் முடிவதில்லை. ரோமம் சிக்குப் பிடித்துப்போகும். சோபாவில் ஏற நம்மைக் கூப்பிடுவது செல்லம் கொஞ்சுவதாக இருக்கலாம், மூட்டு வலியாகவும் இருக்கலாம். அதனால் எடை குறைக்கத் தொடங்குமுன் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

எடை எங்கிருந்து வருகிறது?

கருத்தடை செய்த பூனைக்கு முன்னைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு சாப்பாடு குறைவாக இருந்தாலே போதும். ஆனால் பசி என்னவோ கூடுகிறது. நாமும் பழைய அளவையே வைக்கிறோம். ஃபிளாட்டில் ஏற மரமில்லை, துரத்த எலியில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு கை. நீங்கள் காலையில் வைப்பீர்கள், அத்தைக்குத் தெரியாது. அத்தை பத்து மணிக்குப் பால் ஊற்றுவார், உங்களுக்குத் தெரியாது. பெண் தன் தட்டில் மிஞ்சிய ஆம்லெட்டை நைசாகத் தள்ளிவிடுவாள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 கலோரி இருந்தால் தாராளம். எருமைப் பால் ஒரு சின்ன டம்ளர், அதாவது 100 மில்லியில், ஏறக்குறைய 100 கலோரி இருக்கிறது. பூனையின் ஒரு நாள் சாப்பாட்டில் பாதி! நாம் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் பதினைந்து இட்லி சாப்பிட்ட மாதிரி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை, வயிற்றால் போகும். முதலில் பாலை நிறுத்துங்கள். தண்ணீரை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

பாலைப் போலவே தயிர்சாதமும் பூனைக்குச் சரியான சாப்பாடு அல்ல. பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. அதன் இதயத்துக்கும் கண்ணுக்கும் டாரின் என்ற சத்து அவசியம். அது மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகிறது என்பதை 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீனை உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு கொடுங்கள். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். கடைத் தீவனம் என்றால் பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்த்துக் கொடுங்கள்.

வீட்டில் சண்டை வராமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். காலையிலேயே அன்றைய முழு அளவையும் ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். மீனானால் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அத்தையின் பாசத்துக்கும் அதில் பங்குண்டு!

யானைக்கு நடை, பூனைக்குப் பாய்ச்சல்

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி உங்களுக்கு நினைவிருக்கும். எடை கூடிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னதும், தினமும் நடக்கவைத்து இளைக்கச் செய்தார்கள். 2022-இல் பக்தர்கள் அதற்குத் தோல் செருப்புகூடச் செய்து கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் காந்திமதி மறைந்தபோது கண் கலங்காத நெல்லைக்காரர்கள் குறைவு.

யானைக்கு நடை சரி. பூனையைக் கயிறு கட்டி நடத்தினால் நடக்காது; படுத்துக்கொள்ளும். அது நெடுந்தூரம் நடக்கும் பிராணி அல்ல. பதுங்கும், பாயும், பிடிக்கும், தின்னும், முகம் துடைத்துக்கொண்டு தூங்கும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான். வெளியில் திரியும் பூனை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க வேட்டையாடித்தான் வயிற்றை நிரப்புகிறது. நாமும் வீட்டுக்குள் அதையே செய்து காட்ட வேண்டும்.

ஒரு குச்சியின் நுனியில் பழைய துணிக் கிழிசலைக் கட்டுங்கள். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள்; எந்த எலி பூனையைத் தேடி வரும்? கதவுக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில், எலி ஓடுவதுபோல் விலகி இழுத்துக்கொண்டு போங்கள். நடுவில் நிறுத்துங்கள். மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று தடவை பிடிக்க விடுங்கள். பிடித்து முடித்ததும் டப்பாவிலிருந்து ஒரு பங்கு சாப்பாடு. ஆரம்பத்தில் இரண்டு நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு நாலு தடவை. பிறகு ஐந்து நிமிஷம் வரை கூட்டலாம்.

எழுந்து ஓடவே மறுக்கும் சோம்பேறிக்கும் வழியிருக்கிறது. தீவனத்தை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள். கையை விட்டு நோண்டி எடுக்கட்டும். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தீவனம் விழுகிற அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டு உருட்டி விடுங்கள். ஒரு பங்கை ஜன்னல் திட்டில், இன்னொன்றை ஸ்டூலின் மேல் வையுங்கள். மூட்டு வலிக்கும் கிழப் பூனைக்கு மட்டும் எல்லாம் தரையிலேயே இருக்கட்டும்.

மதுரை வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் பகலில் விளையாட்டுக் காட்டாதீர்கள். விடியற்காலையும் விளக்கு வைத்த பிறகும்தான் பூனைக்கே சுறுசுறுப்பான நேரம். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு, பூனைக்கு அப்படியல்ல. வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இரைப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விளையாடி முடித்ததும் குச்சியைப் பீரோவில் வைத்து மூடுங்கள். நூல், கயிறு எதையும் தரையில் விடாதீர்கள். மல்லிகைச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டுத் தூங்குகிறோமே, அந்த நூலைப் பூனை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். ஆபரேஷன்வரை போகும்.

ஐந்து வயதுப் பெண்ணையே வேட்டைக்குத் தலைவியாக்கிவிடுங்கள். வெறுங்கையை ஆட்டி விளையாடக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தட்டிலிருந்து ஆம்லெட் தள்ளிவிடும் பழக்கமும் மெல்ல மாறும்.

அவசரம் வேண்டாம்

வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதுவே நல்ல வேகம். 6 கிலோ பூனை என்றால் வாரம் 60 கிராம். ஒரு கிலோ குறைய நாலு மாதம் ஆகும். அதைவிட வேகமாக இளைக்கவைக்க வேண்டாம்.

எடை பார்ப்பது சுலபம். முதலில் நீங்கள் மட்டும் எடைமெஷினில் ஏறுங்கள், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். வாரா வாரம் பார்த்தால் 60 கிராம் மெஷினில் தெரியாது, மனசு சோர்ந்துபோகும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, நம் பத்திரிகை வீட்டுக்கு வருகிற அன்று எடை பார்த்து, காலண்டரில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தும் குறையவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டப்பாவுக்கு வெளியே யாராவது ரகசியமாக ஊட்டுகிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள்!