மழை என்ன பிழை செய்தது?

மழை பெய்தால் ‘நாள் கெட்டது’ என்கிறோம். பொய்த்தால் ‘வானம் வஞ்சித்தது’ என்கிறோம். 2015 டிசம்பரில் மழையைச் சபித்த சென்னை, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலேறி வந்த தண்ணீருக்குக் காத்து நின்றது! ஐப்பசி மழை தஞ்சைச் சம்பாவுக்கு உயிர். அதே மழை தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு வேலையற்ற நாள். இதில் நன்றெது, தீதெது?

‘வெறும் வாய்ப்பேச்சுத்தானே, இதற்கா இத்தனை வாதம்?’ என்பார் உளர். அன்று! ‘பொல்லாத மழை’ என்று தீர்ப்புச் சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. வேளச்சேரி ஏரியைச் சுருக்கியவர் யார், பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டியவர் யார் என்று பிறகு எவரும் கேட்பதில்லை. குற்றவாளி வானத்தில் இருக்கிறானல்லவா!

மழையை மழையென்றே காணுங்கள். 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. அந்நீர் ஓட நாம் விட்டுவைத்த வழி எது?